எழுந்து நிற்கப் படிப்போம்

கிணற்றங்கரையில்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லையோரக் கிராமங்கள் பல உண்டு. அங்கே வீட்டுக்குள் தமிழ். அலுவலகத்தில் மலையாளம். சந்தையில் இரண்டும் கலந்து பேசுவார்கள். அப்படி ஓர் ஊரில் 72 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார்.

1990, 91 ஆண்டுகளில் கேரளம் முழுவதும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அதற்கு 'அட்சர கேரளம்' என்று பெயர். அப்போது பாட்டிக்கு நாற்பதை நெருங்கும் வயது. பகலில் செங்கல் சூளையில் வேலை. இரவில் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் படிப்பு. "இந்த வயசுல எழுத்து வருமா?" என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் எழுத்து வந்தது. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு பாட்டி பேருந்துப் பலகையைத் தானே படித்து ஏறினார். யாருடைய துணையும் இல்லாமல் களியக்காவிளைச் சந்தைக்குப் போய் வந்தார்.

ஓர் ஐப்பசி மாதம். நல்ல மழை. இரவு இரண்டு மணிக்குப் பாட்டி எழுந்தார். கழிப்பறை முற்றத்தின் மறுபக்கம் இருந்தது. விளக்கைப் போடவில்லை. மகள் தூக்கம் கெட்டுவிடுமே என்று நினைத்தார். கிணற்றங்கரைக் கல்லில் பாசி பிடித்திருந்தது. கால் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்தார்.

மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர் பாட்டியிடம் கேட்டார்.

"அம்மா, இதுக்கு முன்னே விழுந்ததுண்டா?"

பாட்டி பேசவில்லை. மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆவணியில ஒருதடவ நடையில விழுந்தேன். அடி படல்ல. அதனால யாருட்டயும் சொல்லல்ல."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா சொல்லல்ல?"

"சொன்னா நீ என்னை வெளிய விடமாட்ட மக்ளே."

பாட்டி சொன்னது உண்மைதான். வயதான பெண்கள் பலர் விழுந்ததை மறைக்கிறார்கள். சொன்னால் சந்தைக்கு விடமாட்டார்கள், கோயிலுக்கு விடமாட்டார்கள் என்று பயம். ஆனால் ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். முதல் விழுதலிலேயே காரணத்தைத் தேடினால் இரண்டாவதைத் தடுக்கலாம்.

விழுவது விதியா?

"வயசானா விழத்தான் செய்யும்" என்று நாம் சொல்கிறோம். அது சரியா?

உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே மிகுதி. இந்தியாவில் முதியோர் பங்கு மிக அதிகமாக உள்ள மாநிலம் கேரளம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கேரள மக்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். ஆகவே இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல.

விழுவதற்குக் காரணம் ஒன்று அல்ல. பல காரணங்கள் சேர்ந்துதான் ஆளை விழவைக்கின்றன. பாட்டிக்கு என்னென்ன காரணங்கள் இருந்தன?

இருட்டு ஒன்று. பாசி பிடித்த கல் ஒன்று. இடது கண்ணில் புரை இருந்தது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வந்தார். அதனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும். செருப்பு தேய்ந்து வழுவழு என்று இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு காரணம் இருந்தது. அதை டாக்டர் கண்டுபிடித்தார்.

கை கட்டுப் பிரித்த நாளில் டாக்டர் ஒரு நாற்காலியைக் காட்டினார். "கையை நெஞ்சில் கட்டிக்கிட்டு உட்காருங்க. பிறகு எழுந்து நில்லுங்க. மறுபடி உட்காருங்க. 30 விநாடியில் எத்தனை தடவை முடியும் என்று பார்ப்போம்" என்றார்.

பாட்டியால் 6 தடவைதான் முடிந்தது. 70 முதல் 79 வயது வரை உள்ள பெண்கள் 10 தடவையாவது எழ வேண்டும். அதற்குக் குறைந்தால் கால் பலம் போதவில்லை என்று பொருள்.

"வழுக்கியது கல்லில்தான். ஆனால் வழுக்கிய உடனே உடலைத் தாங்கிப் பிடிக்கக் காலில் பலம் இல்லை" என்றார் டாக்டர்.

எலும்பும் தசையும்

வீட்டுக்குத் தூண் எப்படியோ, உடலுக்கு எலும்பு அப்படி. பந்தல்காலைக் கயிறு கட்டி நிறுத்துகிறோம். அதுபோல எலும்பைத் தசை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. கயிறு தளர்ந்தால் பந்தல் ஆடும். கால் மரமும் உளுத்திருந்தால் பந்தல் விழும்போது ஒடியும்.

பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஹார்மோன் என்றால் உடலே உண்டாக்கும் ஒரு சுரப்பு. அது இரத்தத்தில் கலந்து போய்ப் பல வேலைகளை நடத்துகிறது. எலும்பு கரையாமல் காப்பது ஈஸ்ட்ரோஜனின் வேலைகளில் ஒன்று.

நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுபோகிறது. அதோடு ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக மெலிகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. வலியும் இருக்காது. எலும்பு ஒடியும்போதுதான் தெரியவரும். இதற்கு எலும்பு மெலிவு நோய் என்று பெயர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற 150 பெண்களைச் சோதித்தார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பெண்கள்தான். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எலும்பு மெலிவு நோய் இருந்தது. இந்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது.

தசையும் வயது ஏற ஏறக் குறைகிறது. வேலை கொடுக்காத தசை இன்னும் சீக்கிரம் குறையும். காய்ச்சல் என்று பத்து நாள் படுத்துக் கிடந்தாலே கால் சூம்பிவிடும். விழுந்துவிடுவோம் என்று பயந்து உட்கார்ந்தே இருந்தாலும் இதேதான் நடக்கும். பயத்தால் நடக்காமல் இருப்பார்கள். நடக்காததால் பலம் குறையும். பலம் குறைந்ததால் மறுபடி விழுவார்கள்.

மாத்திரை போதுமா?

பாட்டியின் மகளுக்கு 50 வயது. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னார்.

"மைனி, ஹார்மோன் மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு. எலும்பு உறுதியாகுமாம். உடம்புக்குப் பலம் வருமாம். நீயும் சாப்பிடு, அம்மைக்கும் வாங்கிக் குடு."

மகளுக்கு ஆசையாக இருந்தது. சந்தேகமாகவும் இருந்தது. தொடர்கல்வி மையத்தின் பிரேரக்கிடம் போய்க் கேட்டார். ஊரில் அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கு முழுசாத் தெரியாது அக்கா. சனிக்கிழமை வகுப்புக்கு டாக்டரைக் கூப்பிடுவோம். எல்லாரும் கேட்கட்டும்" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை இருபது பெண்கள் வந்தார்கள். பாட்டியும் வந்தார். டாக்டர் மலையாளத்தில் சொன்னார். டீச்சர் அதைத் தமிழில் சொன்னார். அவர்கள் சொன்னது இதுதான்.

அமெரிக்காவில் 1990-களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 50 முதல் 79 வயது வரை உள்ள 16,608 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள். ஒரு பகுதியினருக்கு இரண்டு ஹார்மோன்கள் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. 2002-ல் இந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நன்மையைவிடத் தீமை மிகுந்துவிட்டது.

கணக்கு இப்படி வந்தது. 10,000 பெண்கள் ஓர் ஆண்டு மாத்திரை சாப்பிட்டால், இடுப்பு எலும்பு முறிவது 5 பேருக்குக் குறைந்தது. அது நன்மை. ஆனால் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்குக் கூடியது. பக்கவாதம் 8 பேருக்குக் கூடியது. நுரையீரலில் இரத்தக்கட்டி 8 பேருக்கும் மாரடைப்பு போன்ற இதய நோய் 7 பேருக்கும் கூடியது.

"எலும்புக்கு நல்லதுதான். பலத்துக்கு?" என்று ஒரு பெண் கேட்டார்.

அதற்கும் ஆய்வு உண்டு. 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-ல் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 4,474 பெண்கள். ஹார்மோன் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் தசை அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எலும்பைக் காக்கும் மாத்திரை காலைத் தூக்கி வைக்காது.

அப்படியானால் ஹார்மோன் மருந்தே கெட்டதா? அப்படியும் சொல்லக்கூடாது. சில பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு தீயாய்க் கொதிக்கும். இரவெல்லாம் வியர்க்கும். தூக்கம் வராது. அவர்களுக்கு இந்த மருந்து நல்ல பலன் தரும். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால் ஆபத்து குறைவு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 45 வயதுக்கு முன்பே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்ட பெண்களுக்கும் டாக்டரே இதை எழுதிக் கொடுக்கலாம். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இது கூடாது.

ஆகவே இதில் இரண்டு செய்தி உண்டு. ஒன்று, டாக்டர் பார்த்து எழுதாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கக் கூடாது. இரண்டு, 72 வயதில் விழாமல் இருப்பதற்கு என்று இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்குவது வழி அல்ல.

"ஊசி ஏதாவது உண்டா?" என்று இன்னொருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொன்னார். 70 வயது கடந்த 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். எலும்பு உறுதியாகும் என்று எதிர்பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. மருந்து வாங்கியவர்கள்தான் அதிகமாக விழுந்தார்கள். எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிட வேண்டும். "ஒரே ஊசியில் எல்லாம் சரியாகும்" என்று அதிகமாக வாங்கினால் கெடுதல்தான்.

152-ம் 88-ம்

"அப்போ என்னதான் வழி?" என்றார் பாட்டி.

நியூசிலாந்து நாட்டில் ஒட்டாகோ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 80 வயது கடந்த 233 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்குப் பயிற்சியாளர் நாலு தடவை போனார். கால் பலத்துக்கும் நிலை தடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்கள் அதைத் தங்கள் வீட்டிலேயே செய்தார்கள். மற்றப் பிரிவினருக்குப் பயிற்சி இல்லை.

ஓர் ஆண்டு கழிந்தது. பயிற்சி செய்யாத பிரிவில் 152 விழுதல்கள். பயிற்சி செய்த பிரிவில் 88 விழுதல்கள். இது 1997-ல் வெளிவந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை. 64 விழுதல்கள் குறைந்தன.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இன்னும் வயதானவர்களை வைத்துப் பார்த்தார்கள். 1990-ல் வெளிவந்த ஆய்வு அது. முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேர். சராசரி வயது 90. எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் காலின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. இரண்டு பேர் கைத்தடியை ஒதுக்கி வைத்துவிட்டு நடந்தார்கள்.

90 வயதிலும் தசை பாடம் படிக்கும். சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும்.

செய்து பார்ப்போம்

கீழே உள்ள பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாள் செய்யலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது நல்லது. முதல் சில நாள் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கனமான, ஆடாத நாற்காலி வேண்டும். அதைச் சுவரில் சேர்த்துப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். வெறுங்காலோடு காய்ந்த தரையில் நில்லுங்கள்.

1. எழுதலும் உட்காருதலும்: நாற்காலியின் முன்பக்கம் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். சற்று முன்னால் குனிந்து எழுந்து நில்லுங்கள். மெதுவாக உட்காருங்கள். முதலில் கையை ஊன்றலாம். பழகியபின் கை ஊன்றாமல் செய்யுங்கள். 10 தடவை.

2. முழங்காலை நீட்டுதல்: உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள். இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. இரண்டு வாரம் கழித்துத் துணிப்பையில் அரைக் கிலோ மணல் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம்.

3. குதிகாலைத் தூக்குதல்: அடுக்களை மேடையையோ ஜன்னல் கம்பியையோ பிடித்து நில்லுங்கள். குதிகாலைத் தூக்கி விரலில் நில்லுங்கள். இறக்குங்கள். 10 தடவை. பிறகு குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள். அதுவும் 10 தடவை.

4. பக்கவாட்டில் காலைத் தூக்குதல்: பிடித்து நின்றபடியே ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குங்கள். உடம்பு சாயக்கூடாது. ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை.

5. ஒரே கோட்டில் நிற்றல்: ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை வையுங்கள். குதிகாலும் விரலும் தொடட்டும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுங்கள். நிலைத்தபின் ஒரு விரலால் மட்டும் பிடியுங்கள். பிறகு கையை விட்டுப் பாருங்கள். கை எட்டும் தூரத்தில் பிடிமானம் இருக்க வேண்டும்.

பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. தசை கொஞ்சம் வலிக்கும். அது இரண்டு நாளில் போகும். நெஞ்சு வலித்தாலும், தலை சுற்றினாலும், மூச்சுத் திணறினாலும் உடனே நிறுத்துங்கள். டாக்டரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் எலும்பு முறிந்தவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

பலம் உடனே வராது. எட்டு, பத்து வாரம் ஆகும். நிறுத்தினால் வந்த பலம் போய்விடும். எழுத்தும் அப்படித்தானே? படிக்காமல் விட்டால் மறந்துபோகும்.

தட்டில் என்ன இருக்கிறது?

தசைக்குப் புரதம் வேண்டும். எலும்புக்குக் கால்சியம் வேண்டும். மரச்சீனியும் சோறும் வயிற்றை நிறைக்கும். தசையை வளர்க்காது. கஞ்சியோடு பயறு சேர்த்தால் புரதம் கிடைக்கும். முட்டை, மீன், கடலை, மோர் எல்லாம் நல்லவை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒருநாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 200-க்கு மேல் உண்டு. நெத்தோலியை முள்ளோடு சாப்பிடுவதால் அதிலும் கால்சியம் கிடைக்கும். முருங்கைக் கீரை வேலியிலேயே இருக்கிறது. எள்ளும் நல்லது. வெயில் தோலில் பட்டால் உடம்பே வைட்டமின் டி உண்டாக்கிக்கொள்ளும்.

பல வீடுகளில் மீன் துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். பாட்டிக்குக் குழம்பு மட்டும் மிஞ்சும். இது மாற வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் பார்ப்போம்

மகளும் டீச்சரும் பாட்டி வீட்டைச் சுற்றி வந்தார்கள். ஒரு தாளில் குறித்தார்கள். நீங்களும் உங்கள் வீட்டில் பாருங்கள்.

- கிணற்றங்கரையிலும் படியிலும் பாசி இருக்கிறதா? மழைக்காலத்துக்கு முன்பே தேய்த்துக் கழுவுங்கள்.
- கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு உண்டா? தலைமாட்டில் டார்ச் வையுங்கள்.
- கழிப்பறைச் சுவரில் பிடிக்கக் கம்பி உண்டா? ஒரு இரும்புக் குழாய் போதும்.
- தரையில் வயர், மடங்கிய பாய், வழுக்கும் சாக்கு கிடக்கிறதா?
- சேலையோ நைட்டியோ காலில் தட்டுகிறதா?
- செருப்பின் அடிப்பக்கம் தேய்ந்துவிட்டதா?
- கோழியும் நாயும் காலுக்குள் ஓடுகின்றனவா?

படுக்கையிலிருந்து எழும்போது ஒரு பழக்கம் வேண்டும். முதலில் உட்காருங்கள். இருபது எண்ணுங்கள். காலை ஆட்டுங்கள். பிறகு நில்லுங்கள்.

மருந்துச் சீட்டையும் எடுங்கள். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை ஆகியவை சிலரைத் தள்ளாட வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எலும்பும் தசையும் இன்னும் மெலியும். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

விழுந்துவிட்டால்

பதறி எழக் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே கிடந்து மூச்சு விடுங்கள். எங்கும் கடுமையான வலி இல்லை என்றால் ஒருக்களித்துத் திரும்புங்கள். கையையும் முழங்காலையும் ஊன்றுங்கள். தவழ்ந்து நாற்காலி அல்லது திண்ணை வரை போங்கள். அதைப் பிடித்து ஒரு காலை ஊன்றி எழுங்கள்.

இடுப்பில் வலி, காலை ஊன்ற முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளியே திரும்பியிருக்கிறது என்றால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் போட்டுத் தடவ வேண்டாம். இழுத்துக் கட்ட வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். தலையில் அடிபட்டாலும் உடனே போக வேண்டும்.

எங்கே கேட்கலாம்?

உங்கள் ஊர் ஆஷா பணியாளரிடம் முதலில் சொல்லுங்கள். பாறசாலையில் தாலுகா தலைமை மருத்துவமனையும் நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும் உள்ளன. படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்குப் பாலியேட்டிவ் நர்ஸ் வருவார். பஞ்சாயத்தில் பதிவு செய்ய வேண்டும். நகராட்சிப் பகுதிகளில் 65 வயது கடந்தவர்களுக்குக் கேரள அரசின் 'வயோமித்ரம்' திட்டம் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள உறவினர்களுக்கும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உடற்பயிற்சிச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. முதியோர் உதவிக்கு நாடு முழுவதும் 14567 என்ற எண் இருக்கிறது.

பாட்டியின் நோட்டு

பாட்டி ஒரு பழைய நோட்டை எடுத்தார். தேதி போட்டார். பக்கத்தில் எண் எழுதினார். முதல் வாரம் 6. மூன்றாவது வாரமும் 6. "வரல்லியே டீச்சரே" என்றார். "எழுத்துப் படிக்கும்போது 'ழ' எத்தனை நாள்ல வந்துது பாட்டி?" என்று கேட்டார் டீச்சர். பாட்டி சிரித்தார். ஐந்தாவது வாரம் 8. பன்னிரண்டாவது வாரம் 11.

மகளும் கூடவே செய்தார். அவர் ஹார்மோன் மாத்திரை வாங்கவில்லை. அவருக்கு உடல் கொதிப்பு இல்லை, வேண்டிய தேவை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரவெல்லாம் வியர்க்கிறது. அவர் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார்.

சித்திரை மாதம் ஒரு காலை. பாட்டி சேலையைச் சற்று உயர்த்திக் கட்டினார். புதுச் செருப்பைப் போட்டார். "நான் சந்தைக்குப் போயிட்டு வாறேன்" என்றார். மகள் வாசல் வரை வந்தார். தடுக்கவில்லை.

"பைய போங்கம்மா. விழுந்தா சொல்லணும், கேட்டுதா?"

"சொல்லுவேன் மக்ளே" என்றார் பாட்டி. பேருந்து வந்தது. பலகையைப் படித்தார். கம்பியைப் பிடித்தார். படியில் காலை ஊன்றி ஏறினார்.

புதிய சொற்கள்

ஹார்மோன்: உடல் தானே உண்டாக்கும் சுரப்பு
எலும்பு மெலிவு நோய்: எலும்பு உள்ளே அடர்த்தி குறைந்து எளிதில் ஒடியும் நிலை
புரதம்: தசையை வளர்க்கும் சத்து
சராசரி: எல்லாவற்றையும் கூட்டி, பங்கிட்டுக் கிடைக்கும் அளவு

சிந்திப்போம், பேசுவோம்

1. பாட்டி முதல் தடவை விழுந்ததை ஏன் மறைத்தார்? உங்கள் வீட்டில் யாராவது அப்படி மறைத்ததுண்டா?
2. பாட்டி விழுந்ததற்கு எத்தனை காரணங்கள்? எண்ணி எழுதுங்கள்.
3. ஹார்மோன் மாத்திரையால் நன்மை என்ன? தீமை என்ன? யார் முடிவு சொல்ல வேண்டும்?
4. நேற்று உங்கள் வீட்டில் மீனும் முட்டையும் யார் யாருக்குக் கிடைத்தன?

செய்வோம்

உங்கள் வீட்டில் 60 வயது கடந்த ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வையுங்கள். 30 விநாடியில் எத்தனை தடவை எழுகிறார் என்று எண்ணுங்கள். தேதியும் எண்ணும் நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் பயிற்சி செய்தபின் மறுபடி எண்ணி, அதே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு எண்களையும் அவரையே படிக்கச் சொல்லுங்கள்.